ஜன்னலா, நடைபாதையா? அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு

பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கப் போகிறவர் இருக்கை வரைபடத்தைத் திறந்ததும் தன்னையே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, ஜன்னலோரமா நடைபாதையோரமா என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. நீங்கள் ஏறப்போவது எந்த விமானம், அதில் ஒரு வரிசைக்கு எத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. உங்களுக்கு எது அதிக எரிச்சல், உங்கள் தூக்கத்தைப் பிறர் கலைப்பதா, தூங்குகிறவரை நீங்கள் எழுப்புவதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட அந்த வரைபடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை பத்துப் பதினைந்துதான்.

இங்கே பேசுவதெல்லாம் எகானமி வகுப்பைப் பற்றி. பிசினஸ் வகுப்பில் இப்போது பெரும்பாலும் 1-2-1 அமைப்புதான். எல்லாருக்கும் நடைபாதை உண்டு, இருக்கை படுக்கையாகவும் மாறும். அங்கே எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை.

விமானத்தின் அகலம், ஆட்களின் எண்ணிக்கை

நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்களில் இரண்டு நடைபாதைகள் இருக்கும். 3-4-3 என்று எழுதியிருந்தால், இடது ஜன்னலிலிருந்து மூன்று இருக்கைகள், ஒரு நடைபாதை, நடுவில் நான்கு, மறுபடி ஒரு நடைபாதை, வலது ஜன்னல் வரை மூன்று என்று பொருள். வரிசைக்கு எண், இருக்கைக்கு ஆங்கில எழுத்து. 3-4-3 விமானத்தில் பொதுவாக ஏ, பி, சி ஒரு பக்கம். டி, இ, எஃப், ஜி நடுவில். எச், ஜே, கே மறுபக்கம். 'ஐ' என்ற எழுத்து 1 என்ற எண்ணைப் போலவே தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். சில நிறுவனங்களின் விமானங்களில் 13-ஆம் வரிசையே கிடையாது. வரிசை எண்ணைக் கழித்துப் பார்த்து, 'கதவு இத்தனை வரிசை தள்ளி இருக்கிறது' என்று முடிவு செய்துவிட முடியாது.

இப்போது கணக்கு. விமானத்தின் உட்புற அகலத்தை ஒரு வரிசையில் உட்காருபவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நடைபாதைகளும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்குவதால், கிடைக்கும் விடை உங்கள் இருக்கையின் அகலம் அல்ல. ஆனால் எந்த விமானத்தில் தாராளம், எதில் நெருக்கடி என்பதை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏர்பஸ் ஏ330-இன் உட்புற அகலம் 5.28 மீட்டர். அதில் வழக்கமாக 2-4-2, எட்டுப் பேர். ஆளுக்கு 66 செ.மீ. போயிங் 777 அதைவிட அகலமானது, 5.86 மீட்டர். ஆனால் தொடக்க காலத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்த வரிசையில் இப்போது பல நிறுவனங்கள் பத்துப் பேரை உட்கார வைத்திருக்கின்றன. ஆளுக்கு 58.6 செ.மீ. பெரிய விமானம், சிறிய இடம். ஏர்பஸ் ஏ350-இல் 5.61 மீட்டருக்கு ஒன்பது பேர் என்றால் 62 செ.மீ. போயிங் 787-இல் 5.49 மீட்டருக்கு ஒன்பது பேர் என்றால் 61. இந்த 787-ஐ எட்டுப் பேர் வரிசைக்கு ஏற்றபடிதான் முதலில் எண்ணியிருந்தார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பதாவது இருக்கையைச் செருகிவிட்டன. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787 விமானங்களில் 2-4-2 என்றே வைத்திருக்கிறது. ஏ380-இன் கீழ்த்தளத்தில் பத்துப் பேருக்கு 6.5 மீட்டர், மேல்தளத்தில் எட்டுப் பேருக்கு 5.8 மீட்டர். மேல்தளத்தில் எகானமி இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அங்கே சுவர் உட்புறமாக வளைவதால், ஜன்னலோர இருக்கைக்குப் பக்கத்தில் பை வைக்க ஒரு பெட்டியும் இருக்கும்.

நடைமுறையில் இது இருக்கைக்கு ஏறத்தாழ ஓர் அங்குல வித்தியாசம்: பத்துப் பேர் வரிசை 777-இல் சுமார் 17 அங்குலம், ஏ330-இல் சுமார் 18. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரின் தோள் உங்கள் தோளில் படுமா படாதா என்பதை அந்த ஓர் அங்குலம்தான் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

கால் நீட்டும் இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதைப் பிட்ச் என்பார்கள். உங்கள் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. நீண்ட தூர எகானமியில் 31 அல்லது 32 அங்குலம் சாதாரணம். இந்த அளவில் இருக்கையின் தடிமனும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய முதுகு கொண்ட புதிய இருக்கையில் 31 அங்குலமும், பஞ்சு நிறைந்த பழைய இருக்கையில் 32 அங்குலமும் முழங்காலுக்கு ஒரே அளவு இடத்தைத் தரக்கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏதோ ஒரு மலையுச்சியின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். பழைய வடிவமைப்புகளில் அது 8,000 அடி உயரம் வரை போகலாம். 787-இலும் ஏ350-இலும் 6,000 அடிக்குள் வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது தலை கனப்பதும் அசதியும் குறைவாக இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஊருக்கு, ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு விமானங்கள் இருந்தால், டிக்கெட் வாங்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் விமானத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யார் யாரைத் தாண்டிப் போவது?

நடைபாதையோர இருக்கைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 3-4-3 விமானத்தில் 'சி' இருக்கையை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்தப் பக்கம் ஏ, பி என்று இரண்டு பேர். வெளியே போக அவர்களுக்கு உங்களை விட்டால் வேறு வழியில்லை. ஆளுக்கு இரண்டு தடவை கழிவறைக்குப் போகிறார்கள் என்றால், போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று நீங்கள் எட்டு முறை எழுந்து நிற்க வேண்டும். அதே நடைபாதையின் மறுகரையில் இருக்கும் 'டி'-யைப் பாருங்கள். நடுவில் நான்கு பேர். 'இ' உங்கள் வழியாக வருவார். 'எஃப்' தன் பக்கத்து 'ஜி' வழியாகப் போய்விடுவார். உங்கள் கணக்கில் ஒருவர்தான். எட்டு நான்காகிவிட்டது. இதற்குக் கூடுதல் பணம் எதுவும் கிடையாது; எழுத்து மட்டும்தான் வேறு.

3-3-3 அமைப்பில் இது இன்னும் இனிமையாகிறது. நடுத் தொகுதியில் மூன்று பேர். அவர்களில் நடுவில் இருப்பவர் ஒருவரே, அவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. யார் விழித்திருக்கிறாரோ அவரிடம் கேட்டுக்கொண்டு போவார். நீங்கள் அந்தத் தொகுதியின் நடைபாதையோரம் இருந்தால் உங்கள் பங்குக்குச் சராசரியாக அரை ஆள்தான். எழுந்து நடக்கவும் வேண்டும், தொந்தரவும் வேண்டாம் என்பவருக்கு எகானமியில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரம் இருப்பவருக்குக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 3-4-3-இலும் 3-3-3-இலும் வெளியே வர இரண்டு பேரை எழுப்ப வேண்டும். 2-4-2-இல் ஒருவரை எழுப்பினால் போதும். இருவராகப் பயணம் செய்கிறவர்கள் ஏ330 என்று தெரிந்தால் ஜன்னல் பக்கத்து ஜோடி இருக்கைகளைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். மூன்றாவது ஆள் என்ற பேச்சே கிடையாது.

விமானத்திலேயே மோசமான இருக்கை எது என்று கேட்டால் 'பி' என்பேன், அதன் மறுபக்கத்து இரட்டையான 'ஜே'-யும். ஜன்னல்காரர் வெளியே போக நீங்கள் எழ வேண்டும். நீங்கள் வெளியே போக நடைபாதைக்காரர் எழ வேண்டும். எழுப்பப்படும் துன்பமும் எழுப்பும் சங்கடமும் ஒருங்கே வாய்த்த இடம் அது. தலை சாய்க்கச் சுவரும் இல்லை, கால் நீட்ட வழியும் இல்லை. நடு இருக்கைதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், ஓரத் தொகுதியின் நடு இருக்கையை விட்டுவிட்டு நடுத் தொகுதியின் நடு இருக்கையை வாங்குங்கள்.

இருவராகப் போகிறவர்கள் மூன்று இருக்கைத் தொகுதியில் ஜன்னலையும் நடைபாதையையும் எடுத்துக்கொண்டு நடுவைக் காலியாக விடும் பழக்கம் உண்டு. விமானம் நிறையாவிட்டால் அந்த இடம் காலியாகவே வரும். யாராவது வந்துவிட்டால், உங்களில் ஒருவர் நடுவுக்கு மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுப்பவர் அரிது. ஆனால் விமானம் நிறையப் போகிறது என்று தெரிந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஜன்னல் எடுக்கிறவர் பார்க்க வேண்டியது

தூங்க வேண்டும் என்பவருக்கு ஜன்னலோரம்தான். சாயச் சுவர் இருக்கிறது, ஜன்னல் மறைப்பு உங்கள் கையில் இருக்கிறது, யாரும் உங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள். (787-இல் மறைப்பே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கருக்கும்; அதைப் பணியாளர்களும் மொத்தமாகக் கட்டுப்படுத்த முடியும்.) ஆனால் வரைபடத்தில் ஜன்னலோரம் என்று காட்டும் எல்லா இருக்கைக்கும் ஜன்னல் இருப்பதில்லை. விமானத்தின் உடலில் ஜன்னல்கள் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் வருகின்றன. இருக்கைகளை நிறுவனம் தன் விருப்பப்படி நெருக்கியோ தள்ளியோ போடுகிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில் ஜன்னல் உங்கள் தோளுக்குப் பின்னால் போய்விடும். சில வரிசைகளில் வெறும் சுவர்தான். ஏரோலோபா போன்ற தளங்களில் இருக்கைகளையும் ஜன்னல்களையும் அளவோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்காகவே பணம் கட்டுகிறவர்கள் முதலில் அங்கே பார்த்துவிடுவது நல்லது.

வெளியே பார்க்க ஆசைப்படுகிறவர் இறக்கைக்கு முன்னால் உட்கார வேண்டும். இறக்கைக்குப் பின்னால் எஞ்சினின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கித் தெரியும், படமெடுத்தால் தெளிவிருக்காது. பகலில் மேற்கு நோக்கிப் பறந்தால், வட அரைக்கோளத்தின் நடுப்பகுதிகளில், வெயில் இடப்பக்கம் அடிக்கும். கிழக்கு நோக்கிப் போனால் வலப்பக்கம். தூங்க நினைக்கிறவர் நிழல் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

ஜன்னலோரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அங்கே உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதே இல்லை. அமெரிக்காவுக்குள் பறந்த 10 விமானங்களில் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயணிகளின் நடமாட்டத்தைக் குறித்துக்கொண்டு 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நடைபாதையோரம் இருந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு முறையாவது எழுந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் மட்டுமே. சளிக்கும் காய்ச்சலுக்கும் பயப்படுகிறவருக்கு இது நல்ல செய்தி: ஜன்னலோரம் இருப்பவருக்குப் பிறரோடு நெருக்கம் குறைவு. காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு அதே செய்தி எச்சரிக்கை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் கூறியது. ஆனாலும் மொத்த ஆபத்து ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. முன்பு இப்படி உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நடைபாதையோரம் உட்காருவதே நல்லது.

பெயர்பெற்ற இருக்கைகளின் மறுபக்கம்

அவசர வழிக்கு எதிரே உள்ள வரிசையைப் பலரும் புதையல் போலத் தேடுவார்கள். முன்னால் இருக்கையே இல்லை. காலை முழுதாக நீட்டலாம். அங்கே போய் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கையில் இருக்கும் பையை மேலே வைக்கச் சொல்வார்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் எதுவும் இருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பலகையும் திரையும் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடி பருத்து, மேலே தூக்க முடியாதபடி இருக்கும். உட்காரும் இடமும் கொஞ்சம் குறுகும். ஜன்னலோரம் இருந்தால், கதவின் கீழ்ப்பகுதியில் அவசரச் சறுக்கு மடித்து வைத்திருக்கும் பெட்டி உங்கள் பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். கால் நீட்ட வந்தவரின் ஒரு கால் அதில் முட்டும். கதவருகே குளிர் அதிகம். எதிரே காலி இடம் இருப்பதால் இரவெல்லாம் யாராவது வந்து முதுகை வளைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் கழிவறையும் இருந்தால் வரிசையும் அங்கேதான். இத்தனைக்கும் பிறகு, ஆறடிக்கு மேல் உயரமுள்ளவருக்கு அது புதையல்தான். மற்றவர்கள் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். குழந்தையோடு வருகிறவர்களுக்கும், அவசரத்தில் உதவ உடல்நிலை இடம்கொடுக்காதவர்களுக்கும் இந்த வரிசை கிடையாது. அமெரிக்க விதிப்படி 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் வரும் முதல் வரிசையில்தான் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள். கைக்குழந்தையோடு போகிறவர் டிக்கெட் வாங்கியவுடனேயே நிறுவனத்தோடு பேசி அந்த இடத்தையும் தொட்டிலையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்; எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். குழந்தை இல்லாதவர் அந்த வரிசையில் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம்.

வரைபடத்தில் தெரியாத ஓர் இடைஞ்சலும் உண்டு. முன் இருக்கைக்கு அடியில் பை வைக்கும் இடத்தில், திரைக்கான மின்னணுப் பெட்டி ஒன்று சில இருக்கைகளில் காலுக்குத் தடையாக இருக்கும். பழைய விமானங்களில் அது பெரிது. ஒரு காலை நீட்டலாம், மற்றதை மடக்கியே வைத்திருக்க வேண்டும். அதே போல, பின்னால் சுவரோ கழிவறையோ இருக்கும் வரிசையில் இருக்கை முழுதாகச் சாயாமல் போகலாம். உங்களுக்கு முன்னால் இருப்பவர் மட்டும் தாராளமாகச் சாய்ந்துகொள்வார்.

முன்னா, பின்னா

காற்றுக் கொந்தளிப்புக்குப் பயப்படுகிறவர்கள் இறக்கைக்கு மேலே உட்காரட்டும். விமானத்தின் எடை மையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சீசாப் பலகையின் நடுவில் நிற்பவருக்கு ஆட்டம் குறைவு, முனையில் இருப்பவருக்கு அதிகம்; வால் பகுதியில் குலுக்கல் அதிகம் தெரிவது அதனால்தான். சத்தத்துக்குக் கணக்கு வேறு: எஞ்சினின் இரைச்சல் பின்னோக்கிப் போவதால் இறக்கைக்கு முன்னால் இருப்பவருக்குத்தான் அமைதி.

முன்னால் இருந்தால் சீக்கிரம் இறங்கலாம். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு அந்தப் பத்து இருபது நிமிடம் பெரிது. பின்னால் இருப்பவருக்குச் சில சமயம் உணவில் தேர்வு மிஞ்சாது. சிறப்பு உணவை முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் எல்லாரும் ஒதுக்கும் அந்தப் பின்பகுதியில்தான் காலி இருக்கைகள் மிஞ்சும். தவிர, விமானத்தின் உடல் வால் பக்கம் குறுகும்போது, 777-இன் கடைசிச் சில வரிசைகளில் ஜன்னலோரம் மூன்றுக்குப் பதில் இரண்டே இருக்கைகள் வரும், சுவரோரம் கொஞ்சம் இடைவெளியும் இருக்கும். கழிவறைக்கு இரண்டு மூன்று வரிசை முன்னாலேயே அந்த ஜோடி கிடைத்தால் விடாதீர்கள். எந்த வரிசையிலிருந்து குறுகத் தொடங்குகிறதோ அங்கே மட்டும் நடைபாதையோர இருக்கை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். உணவு வண்டி ஒவ்வொரு முறையும் முழங்கையில் இடித்துவிட்டுப் போகும்.

பாதுகாப்புக்காக இன்ன இருக்கை என்று தேடுவது வீண் என்பது என் கருத்து. விபத்துக்கு விபத்து நிலைமை மாறும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஏ350 ஒன்று தீப்பிடித்தபோது, எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. உள்ளே இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எங்கே உட்கார்ந்தாலும் முன்னும் பின்னும் கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, ஆனால் இருக்கைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போக முடியும்.

எப்போது எடுப்பது?

பணம் கட்டத் தயாராக இருந்தால் டிக்கெட் வாங்கும்போதே எடுத்துவிடலாம். இல்லையென்றால் இணையச் செக்-இன் திறக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். பெரும்பாலும் புறப்படுவதற்கு 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். வரைபடத்தில் கிடைக்காது என்று காட்டும் இருக்கையெல்லாம் விற்றுப்போனதல்ல. அடிக்கடி பறப்பவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் என்று பிடித்து வைத்திருந்தவற்றில் சிலவற்றைக் கடைசி நேரத்தில் விடுவிப்பார்கள்.

நிறுவனம் விமானத்தை மாற்றினால் உங்கள் இருக்கையும் மாறலாம், அல்லது அதே எண் வேறோர் இடத்துக்குப் போய்விடலாம். ஒரே 777-இலும் ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு மூன்று விதமான உள்ளமைப்புகள் இருக்கும். பயண நேரம் மாறியதாக மின்னஞ்சல் வந்தால் வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். 34 டி என்று பழைய எண்ணே இருக்கிறது என்று விட்டுவிடாமல், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது கழிவறை இருக்கிறதா, முன்னால் சுவர் வந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.